சண்டிக் குதிரையைச் சவாரிக்குப் பழக்குதல்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



உழவு மாடு, கறவை மாடு, ஆடு, கோழி ஆகியவற்றின் பராமரிப்பைக் குறித்து இத்தகைய கூட்டங்களில் பன்முறை பேசப்பட்டிருக்கிறது. குதிரையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ரயில் நிலையந்தோறும் ஜட்கா வண்டிகள் காத்துநின்ற காலம் மறைந்துவிட்டது. எனினும், குதிரை நம் நாட்டைவிட்டு அகன்றுவிடவில்லை. உதகமண்டலத்திலும் கோடைக்கானலிலும் குதிரையை வாடகைச் சவாரிக்கு விட்டு, அவ்வருவாயைக் கொண்டு ஜீவனம் செய்யும் குடும்பங்கள் உண்டு. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோவில் விழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு இன்றும் குதிரைகள் வருகின்றன. கலியாண ஊர்வலத்துக்கும் பந்தயத்துக்கும் குதிரை வளர்ப்போர் கிராமங்களில் இருக்கின்றனர். அவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒருவன் கடன் பெற்றோ, மனைவியின் நகையை விற்றோ ஒரு குதிரையை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். லாயத்தில் அது சாதுவாக நிற்கிறது. குழந்தைகள் தொட்டாலும் பேசாமல் இருக்கிறது. ஆனால் சேணம் பூட்டிச் சவாரிக்குக் கொண்டுபோனால், ஊர் எல்லையைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. அடித்தால் பின்னுக்கு நடக்கிறது. மேலும் அடித்தால் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிறது. சாலையோரத்தில் கிடக்கும் ஒரு காகிதத்தைக் கண்டு பக்கவாட்டில் தாவுகிறது. "இது சண்டி" என்று ஒரு முறை பெயர் விழுந்துவிட்டால், நல்ல விலைக்கு அதனைக் கேட்பார் இல்லை. கிடைத்த விலைக்கு விற்றபின்பும் கடன் நின்றுகொண்டிருக்கிறது. ஜாமீன் நின்ற அங்கத்தினருக்கும் மனக்கவலை. இவற்றைவிடப் பெரிய நஷ்டம் யாதெனில், குதிரையிலிருந்து விழுந்தவனுடைய எலும்போ உயிரோ போய்விடக்கூடும் என்பதே.

ஆகவே, இக்குறையை நீக்குவதெப்படி என்பதைக் காண்போம். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். குதிரை காரணமின்றிச் சண்டித்தனம் செய்வதில்லை. அதற்குக் காரணம் வலியாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், அல்லது நாமே கற்றுக்கொடுத்த பழக்கமாக இருக்கலாம். இம்மூன்றையும் இதே வரிசையில் தேடவேண்டும். வரிசையை மாற்றி, முதலிலேயே சவுக்கை எடுப்பவன் குதிரையையும் கெடுப்பான்; தன் பணத்தையும் இழப்பான்.

சுழியின்மேல் பழி

நம்மில் பலர் குதிரை முரண்டு பிடித்தால் உடனே அதன் சுழியைப் பார்க்கிறோம். நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழன்றிருக்கும் விதத்தைக் கொண்டு, "இது எஜமானைத் தள்ளும் சுழி" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். தேசிங்கு ராஜன் கதையில் எவருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை ஓர் இளைஞன் அடக்கியதாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, குதிரையை அடக்குவது வீரத்தின் காரியம் என்ற எண்ணமும் உண்டு. இவ்விரு எண்ணங்களும் நம்மைக் காரணத்தைத் தேடவொட்டாமல் தடுக்கின்றன. சுழியின்மேல் பழியைப் போட்டுவிட்டால் சேணத்தின் அடியில் உள்ள புண் கண்ணில் படாது. வீரத்தைக் காட்டத் தொடங்கினால், குதிரை நடுங்குவது கண்ணில் படாது.

முதலில் வலியைத் தேடுக

ஸூ டைசன் என்னும் ஆங்கிலேயக் குதிரை வைத்திய நிபுணரும் அவரைச் சேர்ந்தோரும் சவாரிக் குதிரைகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 2018-ம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டனர். அதில் 24 குறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. காதைப் பின்னுக்கு மடித்துவைத்தல், வாயைத் திரும்பத் திரும்பத் திறத்தல், தலையை உதறுதல், வாலை ஓயாமல் வீசுதல், முன்னே செல்ல மறுத்தல், முன்னங்காலைத் தூக்குதல், துள்ளி உதைத்தல் முதலியவை அவற்றுட் சில. இவற்றில் எட்டோ, எட்டுக்கு மேலோ ஒரே குதிரையிடம் காணப்பட்டால், அதற்குத் தேகத்தில் எங்கோ வலி இருப்பது பெரும்பாலும் நிச்சயம் என்பது அவர்கள் கண்ட முடிவு. நாம் "கெட்ட குணம்" என்று சொல்வதில் பெரும்பகுதி வலியின் குறியே.

குதிரையின் தேகத்தைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்ணும் கையும் போதும்.

முதுகு: சேணத்தைக் கழற்றியபின் உள்ளங்கையால் முதுகெலும்பின் இரு பக்கங்களிலும் சற்றே அழுத்திக்கொண்டு செல்க. எந்த இடத்தில் குதிரை முதுகைத் தாழ்த்துகிறதோ, தோலைச் சிலிர்க்கிறதோ, திரும்பிக் கடிக்க வருகிறதோ, அங்கே வலி உண்டு. கறுப்பு அல்லது பழுப்புக் குதிரையின் முதுகில் இடையிடையே வெள்ளை மயிர் முளைத்திருந்தால், முன்னொரு காலத்தில் சேணம் அங்கே அழுத்திப் புண்ணாக்கியது என்று அறிக. பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், ஆள் ஏறிய பின்பும், சேணத்துக்கும் குதிரைக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழையக்கூடிய இடைவெளி இருக்கவேண்டும். சேணத்தின் அடியில் போடும் துணியில் மடிப்போ, மணலோ, காய்ந்த வியர்வையோ இருத்தல் ஆகாது.

வாய்: குதிரையின் கடைவாய்ப் பற்கள் நெடுங்காலம் வெளியே வளர்ந்துகொண்டே இருக்கின்றன. மென்று தேயும்போது மேற்பற்களின் வெளி ஓரமும் கீழ்ப்பற்களின் உள் ஓரமும் கத்திபோல் கூர்மையாகிவிடும். அக்கூர்மை கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அந்நிலையில் கடிவாளத்தை இழுத்தால் குதிரை தலையைத் தூக்கி எறியாமல் என்ன செய்யும்? ஆண்டுக்கு ஒரு முறையேனும் கால்நடை வைத்தியரைக் கொண்டு பற்களைப் பார்த்து அராவிவிடுதல் அவசியம். முள் வைத்த கடிவாளத்தை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. 1965-ம் வருஷத்து விதிகள் வேலை செய்யும் பிராணிகளுக்கு அதனைத் தடுத்திருக்கின்றன.

கால்: குளம்பு இடைவிடாது வளர்வது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவி லாடத்தை மாற்றவேண்டும். தேய்ந்த லாடத்தோடு தார்ச்சாலையில் வழுக்கி விழுந்த குதிரை, மறு தினம் அந்தச் சாலையில் கால்வைக்க மறுத்தால் அது சண்டித்தனமன்று, புத்திசாலித்தனமே ஆகும்.

வயிறு: குதிரையின் இரைப்பை அதன் தேகத்தை நோக்கச் சிறியது. அதில் புளிப்பு நீர் இரவும் பகலும் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. புல்லை மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் அப்புளிப்பைத் தணிக்கும். பல மணி நேரம் பட்டினி கிடந்தால் இரைப்பையில் புண் உண்டாகும். அப்போது வயிற்றுவாரை இழுத்துக் கட்டினாலே கடிக்க வரும். ஆதலால் சவாரிக்கு முன் கொஞ்சம் புல்லையேனும் மெல்லவிடுக. இதற்கு எதிரான தவறும் உண்டு. வேலையின்றி லாயத்திலேயே நிற்கும் குதிரைக்குக் கொள்ளும் தானியமும் நிறையக் கொடுத்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வெளியே கொண்டுபோனால் அது துள்ளத்தான் செய்யும். வேலைக்குத் தக்க தீனி என்பதை மறக்கலாகாது.

பாரம்: ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமலிருத்தல் நலம். 250 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கு 50 கிலோவே அளவு. கூலி அதிகம் கிடைக்கிறதென்று இருமடங்கு பாரத்தை ஏற்றினால், மேட்டுப்பாதையின் அடியில் அது நின்றுவிடுவதில் வியப்பில்லை. அளவு கடந்த பாரம் ஏற்றுதலும், புண்பட்ட பிராணியை வேலை வாங்குதலும் 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்களாகும்.

பயத்தின் இயல்பு

வலி இல்லையென்று தெளிந்தபின் பயத்தைக் கவனிக்கவேண்டும். குதிரை மந்தையில் வாழும் பிராணி. அதற்குக் கொம்பு இல்லை, நகம் இல்லை, ஆபத்துக்கு அது கண்ட மருந்து ஓட்டம் ஒன்றே. முதலில் ஓடிவிட்டுப் பிறகு யோசிப்பது அதன் சுபாவம். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், நேர் பின்னாலும் நெற்றிக்கு முன்னே சிறிது தூரமும் தவிர ஏறக்குறைய எல்லாத் திசைகளையும் ஒரே சமயத்தில் பார்க்கிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் சக்தி அதற்கு இல்லை. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்தால் அதன் கண் பழக நம் கண்ணைவிட அதிக நேரமாகும். புளியமரச் சாலையின் இருளிலும், பாலத்தின் அடியிலும், நீர் தேங்கிப் பளபளக்கும் இடத்திலும் குதிரை தயங்குவதற்கு இதுவே காரணம். அங்கே ஒரு கணம் நின்று பார்க்க அனுமதித்தால் பெரும்பாலும் தானே நடந்துவிடும்.

அலெக்ஸாந்தர் சிறுவனாயிருந்தபோது அவன் தந்தையிடம் புஸெபலஸ் என்னும் குதிரையை விற்கக் கொண்டுவந்தார்களாம். ஒருவரையும் ஏறவிடாமல் அது முரண்டியது. அக்குதிரை தரையில் ஆடும் தன் நிழலைக் கண்டே அஞ்சுகிறது என்பதைச் சிறுவன் ஒருவனே கவனித்தான். அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பி, தட்டிக்கொடுத்து, பிறகு ஏறினான் என்று புளூட்டார்க் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார். அங்கிருந்த பெரியவர்களிடம் பலம் இருந்தது; சிறுவனிடம் கவனிப்பு இருந்தது. அதுதான் வித்தியாசம்.

மிரளும் குதிரையை அடிப்பதால் நேரும் கேட்டினை, கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டிலேயே ஸெனபோன் என்னும் கிரேக்கர் விளக்கியிருக்கிறார். ஒரு பொருளைக் கண்டு அஞ்சும்போது அடி விழுந்தால், அந்த வேதனை அப்பொருளினாலேயே வந்தது என்று குதிரை எண்ணிவிடும் என்பது அவர் கருத்து. மறு முறை அப்பொருளைக் கண்டால் அதன் பயம் இரட்டிப்பாகும்.

பயம் ஆளிடமிருந்தும் குதிரைக்குத் தொற்றும். 2009-ம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையை வெளியிட்டனர். குதிரையோடு ஒரே பாதையில் சில முறை போய்வரச் செய்து, கடைசி முறைக்கு முன் ஆளிடம் மட்டும், "இப்போது வழியில் ஒரு குடை விரிக்கப்படும்" என்று சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் அதை எதிர்பார்த்த ஆளின் இருதயத் துடிப்பு அதிகரித்தது. குதிரையின் துடிப்பும் அதிகரித்தது. ஆகையால், எதிரே பேருந்து வருவதைக் கண்டதும் கடிவாளத்தை இறுகப் பிடித்து மூச்சை அடக்குகிறவன், "ஆபத்து வருகிறது" என்று குதிரைக்கு அறிவித்தவனாகிறான். தோளைத் தளரவிட்டு, மூச்சை நிதானமாக விட்டு, குதிரை அஞ்சும் பொருளைப் பாராமல் போகவேண்டிய வழியைப் பார்க்கவேண்டும்.

பயத்தைப் போக்கும் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டும். அஞ்சும் பொருளுக்கு வெகு தூரத்தில், குதிரை அமைதியாக நிற்கக்கூடிய இடத்திலே நிறுத்துக. அது தலையைத் தாழ்த்தி மூச்சுவிட்டதும் அங்கிருந்து திருப்பிக் கொண்டுபோய்விடுக. அடுத்த முறை சில அடிகள் நெருங்குக. பழகிய நிதானமான குதிரை ஒன்று முன்னே சென்றால் பின்னதற்குத் தைரியம் வரும். கடந்து செல்லும்போது அதன் தலையை அப்பொருளுக்கு எதிர்ப்புறமாகச் சிறிது திருப்பி வைத்திருந்தால், தேகம் அதனை விட்டு விலகி ஓடாது. சாலையிலே கனத்த வண்டி வந்தால், இடம் உள்ள பக்கத்தில் ஒதுங்கி நிற்பதும், வேண்டுமாயின் இறங்கித் தலைப்பக்கம் பிடித்துக்கொள்வதும் அவமானமல்ல.

நாம் கற்றுக்கொடுத்த பழக்கம்

மூன்றாவது காரணத்தை ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. எந்தக் கணத்தில் நெருக்குதல் நின்றதோ, அந்தக் கணத்தில் தான் செய்த காரியமே சரியானது என்று குதிரை கற்றுக்கொள்கிறது. ஊர் எல்லையில் குதிரை நின்றுவிட்டது. ஆள் கால் மணி நேரம் போராடிக் களைத்து, இறங்கி, வீட்டுக்குத் திருப்பிவிட்டான். அன்று குதிரை படித்த பாடம் யாது? "இங்கே நின்றால் வேலை தீரும்" என்பதே. மறுநாள் அதே இடத்தில் நிற்கும்; அடுத்த வாரம் வீட்டு வாசலிலேயே நிற்கும்.

இன்னொரு தவறும் சர்வசாதாரணம். குதிகாலால் உதைத்து "போ" என்கிறோம். அதே சமயம் விழுந்துவிடுவோமோ என்று கடிவாளத்தை இழுத்து "நில்" என்கிறோம். இரண்டு உத்தரவையும் ஒன்றாகப் பெற்ற குதிரைக்குப் போக்கிடம் மேல்நோக்கி ஒன்றே. ஆகவே முன்னங்காலைத் தூக்குகிறது.

இதற்குப் பரிகாரம் வருமாறு. நின்றுவிட்ட குதிரையை நேராகத் தள்ள முயலாமல், கடிவாளத்தைத் தளர்த்தி, ஒரு பக்கமாகத் திருப்பி, ஓர் அடி எடுத்து வைக்கச் செய்க. அடி எடுத்ததும், அந்த நொடியே, காலின் நெருக்குதலை விட்டுத் தட்டிக்கொடுக்க. பிறகு மற்றொரு அடி. பத்து அடி முன்னேறியபின் நாமே நம் இஷ்டப்படி திரும்பவேண்டும். குதிரை திருப்பி நாம் திரும்பலாகாது. நாள்தோறும் இந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்க்கலாம். ஆரம்பத்தில் சில நாள் ஏறாமல் கையில் பிடித்துக்கொண்டே அப்பாதையில் நடத்திக்கொண்டு போவது மிகவும் நன்று.

வீட்டை நோக்கித் திரும்பியதும் விரையும் குதிரைக்கும் இதுவே விதி. லாயத்தில் தீனித்தொட்டி நிரம்பிக் காத்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆகவே, திரும்பியவுடன் தீனி வைக்காமல் சிறிது நேரம் கழித்து வைக்க. சில நாள் வீட்டு வாசலைக் கடந்து அப்பாலும் சவாரி செய்க. வழியிலே ஒரு மர நிழலில் இறங்கி, வாரைத் தளர்த்திப் புல் மேயவிடுக. வெளியிலும் சுகம் உண்டு என்று கண்ட குதிரை வீட்டுக்காகத் தவிக்காது.

ஆபத்து வேளையில்

முன்னங்காலைத் தூக்கினால் உடனே முன்னே சாய்ந்து, பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு, கடிவாளத்தை முழுதும் தளர்த்திவிடவேண்டும். அதைப் பிடித்துத் தொங்கினால் குதிரை பின்புறமாக நம்மேல் விழும். கால் தரையில் பட்டதும் முன்னே நடத்துக. இக்குற்றம் மீண்டும் நேர்ந்தால் சவாரியை நிறுத்தி, வாயையும் முதுகையும் மறுபடி சோதிப்பதே முறை.

துள்ளி உதைத்தால் அதன் தலையைத் தாழவிடாமல் உயர்த்தி, முன்னே போகச் செய்க. தலையைத் தாழ்த்தாமல் குதிரை பலமாகத் துள்ள இயலாது.

பிய்த்துக்கொண்டு ஓடினால் இரு வார்களையும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருத்தல் பயன்தராது. குதிரை நம் கையின்மேல் சாய்ந்துகொண்டு ஓடும். இழுத்து விடுவதும், மறுபடி இழுத்து விடுவதுமாகச் செய்க. திறந்த வெளியானால் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தை மெல்லக் குறுக்குக. தார்ச்சாலையில் திடீரென்று திருப்பினால் இருவரும் விழ நேரிடும். தலைக்கவசம் இன்றி எவரையும் ஏறவிடலாகாது. குதிகால் உள்ள செருப்போ பூட்ஸோ அணியாதவனுடைய பாதம் அங்கவடியில் நுழைந்து சிக்கிக்கொள்ளும். விழுந்தால் குதிரை அவனை இழுத்துக்கொண்டு ஓடும்.

சங்கம் செய்யக்கூடியது

இவற்றில் பலவற்றைத் தனி ஒருவன் செய்வது கடினம். லாடம் கட்டுவோர் அருகிவருகின்றனர். பல் அராவும் பயிற்சியுள்ள வைத்தியர் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஆனால் பத்துக் குதிரைக்காரர்கள் சேர்ந்து ஒரு நாளைக் குறித்து அழைத்தால், பத்துக் குதிரைக்கும் ஒரே பயணத்தில் வேலை முடியும், செலவும் பங்கிடப்படும். நல்ல சேணத்துக்குக் கடன் கொடுப்பது வீண் செலவு என்று எண்ணவேண்டாம். கெட்ட சேணம் நல்ல குதிரையைச் சண்டியாக்கிவிடும். அப்போது குதிரைக்காகக் கொடுத்த கடனும் ஆபத்துக்குள்ளாகும். குதிரை வாங்க விண்ணப்பிக்கும் அங்கத்தினர், சந்தையில் சுழியைப் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில், அதனைச் சேணம் பூட்டி, ஊருக்கு வெளியே ஒரு மைல் நடத்திப் பார்த்து வாங்கவேண்டும் என்று சங்கம் வற்புறுத்தினால் பெரு நன்மை விளையும்.

அங்கத்தினர்களே! குதிரைக்கு வாய் உண்டு, பேச்சு இல்லை. முதுகு வலிக்கிறது என்று சொல்ல அதற்குத் துள்ளுவது தவிர வேறு வழி இல்லை. அஞ்சுகிறேன் என்று சொல்ல விலகி ஓடுவது தவிர வேறு மொழி இல்லை. இன்று வீட்டுக்குச் சென்றதும் தங்கள் குதிரையின் சேணத்தைத் திருப்பி வைத்து, அதன் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பிறகு குதிரையின் முதுகையும் தடவிப் பாருங்கள். சவுக்கை எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை அதுவே.